எதிர்வீட்டு வெள்ளைச் சுவர்

"மாமா, பேனர்க்காரன் மறுபடியும் போன் பண்ணிட்டான். அக்கா போட்டோ ஒண்ணு குடுங்க, போதும்" என்று மச்சினன் ஆதிமூலம் வந்து நின்றபோது, பலராமன் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு பாஸ்வேர்டைத் தப்புத் தப்பாகத் தட்டிக்கொண்டிருந்தார். வேறென்ன பாஸ்வேர்டு, பெண்டாட்டி பேர்தான். கமலவேணி. அவள் கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் கிடந்தாள். நேற்று சாயங்காலம் அடுப்படியில் மயங்கி விழுந்தவள், விடியும்போது இல்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வது? அவருக்கே இன்னும் நம்பிக்கை வரவில்லை.

ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா கேட்டது மட்டும் காதைவிட்டுப் போகவில்லை. "ஈரல் மொத்தமா போயிருக்கு. கண்ணு இவ்ளோ மஞ்சளா இருக்கே, வீட்ல யாருமே பாக்கலியா?" நெல்லித்தோப்பில் ஸ்டுடியோ வைத்து, கல்யாணப் பெண்களின் முகத்தைப் பார்த்தே இத்தனை வருஷம் சோறு தின்ற மனுஷனிடம் கேட்ட கேள்வி அது.

பலராமனுக்குக் கேமராப் பித்து உண்டு. புதுசாக எது வாங்கினாலும் முதல் படம் கமலவேணிதான். எதிர்வீட்டில் பிரெஞ்சு பட்டாளத்து பென்ஷன் வாங்கும் சொல்தா ஒருவர். பொங்கல் தவறாமல் மதில் சுவருக்கு வெள்ளையடித்துவிடுவார். அந்தச் சுவர் முன்னால், காலை வெயிலில், தோய்த்த வேட்டியை மார்போடு பிடித்துக்கொண்டு அவள் நிற்க வேண்டும். வெள்ளை வெள்ளையாக வருகிறதா என்று பார்ப்பதற்கு அந்த வேட்டி. பிள்ளைகுட்டி இல்லாத வீடு, அவளை விட்டால் வேறு யார் நிற்பது? தெரு சிரிக்கும். அவளும் திட்டிக்கொண்டே நிற்பாள்.

இந்தத் தடவை மிரர்லெஸ் கேமரா வந்தபோதும் நின்றாள். பத்துப் பதினைந்து நாள் இருக்கும்.

"சோறே புடிக்கலீங்க. கால் நிக்க மாட்டேங்குது, சீக்கிரம் எடுத்துட்டு வுடுங்க."

"ஆடாத நில்லு. கண்ண நல்லா தொற."

பழைய கேமராவில் எடுத்த படத்தையும் புதுசையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பெரிதாக்கிப் பார்த்தார். பழையதில் கண்ணைப் பெரிதாக்கினால் வெறும் கட்டம் கட்டமாக உடைந்து போகும். புதுசில் இமை மயிரை ஒவ்வொன்றாக எண்ணலாம், கண்ணில் ஓடும் நரம்புகூடத் தெரிந்தது. ஆனால் கலர்? பழையதில் பழுத்த மாநிறமாக இருந்தவள் புதுசில் மஞ்சளாக இருந்தாள். பலராமனுக்குக் கோபம் வந்துவிட்டது. கேமரா விற்ற கடைக்காரனைப் போனில் பிடித்து, காசைக் கொட்டி வாங்கிய சாமான் மஞ்சள் அடிக்கிறது என்று கத்தினார்.

காப்பி கொண்டுவந்து வைத்த கமலவேணி சிரித்தாள். "காமாலக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சன்னு சொல்லுவாங்க. உங்களுக்குத்தான் வந்திருக்குது போல." அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மஞ்சளைக் குறைத்து, நீலத்தை ஏற்றி, பழைய படத்து முகம் வரும்வரை விடவில்லை. பழைய கேமராவில் இருப்பதுதான் கமலவேணியின் நிறம் என்பது அவர் கட்சி.

இப்போது அந்தத் திருத்திய படம் திரையில் வந்தது. அழகாக இருந்தாள். பின்னால் இருந்த சுவர் லேசாக நீலம் பாரித்திருந்தது. பக்கத்திலேயே கை படாத படமும் கிடந்தது. பலராமன் அதைத் திறந்தார்.

சுவர் வெள்ளையாக இருந்தது.

வேட்டியும் வெள்ளை. சொட்டு நீலம் போட்டு அலசிய சுத்த வெள்ளை. அவள் முகமும் கையும் மட்டும் மஞ்சளாக இருந்தன. பெரிதாக்கினார். கண்ணின் வெள்ளைப் பகுதி முழுக்க எலுமிச்சம்பழத் தோல் நிறம். ஐயோ, கேமரா சரியாகத்தான் எடுத்திருக்கிறது! பார்த்துச் சொல்லியும் இருக்கிறது. கை மவுஸிலேயே ஒட்டிக்கொண்டது.

"இன்னா மாமா, கெடைக்கலியா?"

"கெடச்சிது."

திருத்திய படத்தை அனுப்பக் கை வரவில்லை. எந்த முகத்தைப் பார்க்காமல் விட்டாரோ, அந்த மஞ்சள் முகத்தையே தட்டாஞ்சாவடியில் பேனர் அடிக்கும் ராஜாவுக்கு அனுப்பினார். ஊரே பார்க்கட்டும், பார்த்துவிட்டுக் கேட்கட்டும் என்றிருந்தது.

மதியம் பெட்டியிலிருந்து எடுத்துக் கமலவேணியைக் குளிப்பாட்ட வாசலில் மறைப்புக் கட்டினார்கள். பலராமனின் அக்கா செல்வாம்பாள் கிண்ணம் நிறைய மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்தாள். அதைக் கண்டதும் அவர் எழுந்து ஓடினார்.

"மஞ்சள் வேணாம்! அவளுக்குப் பூசாதீங்க!"

பறைமேளம்கூடச் சட்டென்று நின்றது. செல்வாம்பாள் திகைத்துப்போனாள். "இன்னாடா பேசற? மஞ்ச குங்குமத்தோட போற மவராசிடா. கட்டுனவன் நீ குத்துக்கல்லாட்டம் நிக்கற, பூசாம அனுப்பறதா?"

"வேணாம்க்கா. வேணாம்."

"ஏன்டா?"

ஆதிமூலம் அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தான். "பித்துப் புடிச்சாப்பல ஆயிட்டாரு, பாவம்" என்று யாரோ சொன்னார்கள். மறைப்புக்குப் பின்னால் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. செல்வாம்பாள் காலி கிண்ணத்தோடு வெளியே வந்தாள்.

பாடை கட்டிக்கொண்டிருந்தபோது பேனர் வந்து சேர்ந்தது. கட்ட வேறு இடம் இல்லை. சொல்தாவே வெளியே வந்து, "நம்ம செவுத்துலயே கட்டுங்கப்பா" என்றார். ஆதிமூலம் மதில் மேல் ஏறிக் கட்டினான். கூட்டம் அண்ணாந்து பார்த்தது. "இன்னா கலரு! உசுரோட எதிர்ல நிக்கிற மாதிரியே இருக்கு" என்றாள் ஒருத்தி.

பலராமனும் பார்த்தார். போன் அடித்தது. ராஜா.

"அண்ணே, பேனர் வந்துதா? நீங்க அனுப்புன படத்துல அண்ணி மூஞ்சி ஒரே மஞ்சளா இருந்திச்சி. துக்கத்துல கவனிக்காம அனுப்பிட்டீங்க போலன்னு நானே சரி பண்ணிட்டேன். நல்லா வந்திருக்குல்ல?"

"நல்லா வந்திருக்கு ராஜா" என்றார் பலராமன்.

போனை வைத்த பிறகும் அவர் அங்கேயே நின்றார். பேனரில் கமலவேணி வேட்டியைப் பிடித்துக்கொண்டு மாநிறமாகச் சிரித்தாள். அவளுக்குப் பின்னால் படத்துச் சுவர் நீலமாக இருந்தது. பேனரைச் சுற்றி, சொல்தா பொங்கலுக்கு அடித்த வெள்ளை, வெயிலில் கண்ணைக் கூச வைத்தது.