அவள் கை படாத குழந்தை

"அங்கேயே நில்லு. உள்ள வராதே" என்றாள் மாமியார்.

மூத்த மருமகள் அறை வாசலிலேயே நின்றாள். ஆஸ்பத்திரியில் காலை வேலையை முடித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். மதியம் இரண்டு மணி ஆகியும் ஜன்னல் கண்ணாடியில் பனி கலையவில்லை. கட்டிலில் இளைய மருமகள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். பக்கத்தில், பிறந்து ஐந்தே நாளான குழந்தை. சட்டை, அதன்மேல் கம்பளிச் சட்டை, இரண்டு குல்லா, ஒரு துண்டு, இரண்டு போர்வை. மூக்கைத் தவிர ஒன்றும் வெளியே தெரியவில்லை.

"அத்தை, உள்ள ஈரமா இருக்கான்னு ஒரு தடவை பாத்துருங்க."

"நாலு பெத்து வளர்த்தவ நான். எனக்கு நீ சொல்லித் தர்றியா?"

தெருவில் மூத்தவளுக்கு நர்சம்மா என்று பெயர். பிறந்த குழந்தைகள் வார்டில் பன்னிரண்டு வருஷமாக வேலை. அந்தத் தெருவில் ஓடித் திரியும் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு முதல் சட்டை மாட்டிவிட்டது அவள் கைதான். குளிர்காலம் வந்துவிட்டால் தாய்மார்களை வரிசையாக உட்காரவைத்து, தலையை ஈரமில்லாமல் துவட்டுவது எப்படி, துணியை எத்தனை அடுக்காகப் போடுவது என்று தொண்டை வறளச் சொல்லிக் கொடுப்பாள். ஆனால் அவளுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் அந்த ஒன்றே மற்ற எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போனது. இரண்டு முறை அவளைச் சோதித்துவிட்டு, ஒரு குறையும் இல்லை, கணவரைக் கூட்டி வாருங்கள் என்றார் டாக்டர். கணவன் போகவில்லை. அதை யாரும் கேட்கவும் இல்லை.

இந்தக் குழந்தை பிறந்ததும் அவளுடைய ஆஸ்பத்திரியில்தான். "இவ கை படவேண்டாம்" என்று மாமியார் தலைமை நர்ஸிடம் சொல்லிவிட்டாள். எதற்கு வம்பு என்று அந்தம்மாவும் அவளைத் துணி அலமாரியை அடுக்க அனுப்பிவிட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தையின் முதல் அழுகை கேட்டபோது அவள் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். அன்று வீட்டுக்கு வந்து கணவனிடம் பொருமினாள். "விடேன். அம்மா குணம் தெரியாதா? நீ நாள் பூரா குழந்தைங்களோடதானே இருக்கே" என்று அவன் டிவியின் சத்தத்தைக் கூட்டினான்.

"எத்தனை மணிக்குப் பால் குடிச்சது?" என்று வாசலில் நின்றபடியே இளையவளிடம் கேட்டாள்.

"காலையில குளிப்பாட்டினதுக்கு முன்னாடி, அக்கா. அப்புறம் வாயே திறக்கலை."

"தங்கமான பிள்ளை. அழுகையே கிடையாது" என்றாள் மாமியார் பெருமையாக.

அழாத குழந்தை என்றால் அழத் தெம்பில்லாத குழந்தை என்று நர்சம்மாவுக்குத் தெரியும். "குளிச்சதும் தலை காஞ்சுதா அத்தை? ஈரத்தோட குல்லா போட்டுட்டீங்களா? காலைத் தொட்டுப் பாருங்க, கெஞ்சிக் கேக்கறேன். சில்லுனு இருந்தா ஆபத்து."

"பச்சைப் பிள்ளையைப் பாத்து ஆபத்துங்கறியே, உன் வாயில நல்ல வார்த்தையே வராதா? வயித்தெரிச்சல்காரி, போடி அந்தப் பக்கம்!"

அவள் கண்ணில் நீர் முட்டியது, அழுகையால் அல்ல, ஆத்திரத்தால். மாமியாரைத் தள்ளிவிட்டு நுழைந்துவிடலாமா என்று ஒரு கால் வாசல்படி தாண்டியது.

அதற்குள் இளையவள் போர்வைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்தது. "ஐயோ, ஐஸ் மாதிரி இருக்கு!" தையல் போட்ட வயிற்றை ஒரு கையால் அழுத்திக்கொண்டு எழுந்தாள். மாமியார் குறுக்கே வந்தாள். "தள்ளுங்க அத்தை" என்று அவளைச் சுற்றிக்கொண்டு நடந்து, பொட்டலம் மாதிரி இருந்த குழந்தையை மூத்தவள் கைகளில் வைத்தாள்.

"அக்கா, என் பிள்ளையைப் பாருங்க."

அதன்பிறகு நர்சம்மா யாரையும் பார்க்கவில்லை. குழந்தையைக் கட்டிலில் கிடத்திப் பிரித்தாள். அத்தனை அடுக்குக்கும் அடியில் இடுப்புத் துணி ஊறிக் கிடந்தது. குல்லாவுக்குள் முடி பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. ஈரத்தை உருவி எறிந்து, உலர்ந்த துண்டால் ஒற்றி எடுத்தாள். புது இடுப்புத் துணியும் உலர்ந்த குல்லாவும் மாட்டினாள். இளையவளைச் சாய்ந்து படுக்கச் சொல்லி, வெறும் உடம்போடு குழந்தையை அவள் மார்பில் கவிழ்த்து, மேலே கம்பளியால் மூடினாள்.

"உன் சூடுதான் இப்ப மருந்து. அசையாம படு. ஒரு மணி நேரத்துல தேறலைன்னா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிரணும்."

நாற்பது நிமிஷம் கழித்துக் குழந்தை முகத்தைச் சுளித்தது. ஒரு முறை முனகியது. பிறகு தெருவுக்கே கேட்கும்படி வீறிட்டு, பாலைத் தேடி முட்டியது. அதன் அக்குளில் வைத்துப் பார்த்த தெர்மாமீட்டரைப் படித்துவிட்டு நர்சம்மா சுவரில் சாய்ந்து மூச்சு விட்டாள். மாமியார் ஈரத்துணிகளைப் பொறுக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

ஐந்து மணிக்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் குழந்தையைப் பார்க்க வருவதாக இருந்தது. நர்சம்மா குழந்தையை மடியில் போட்டு உடுத்திக்கொண்டிருந்தாள். முதலில் மெல்லிய பருத்திச் சட்டை, அதன்மேல் கம்பளி. மாமியார் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"சீக்கிரம் போட்டு முடி. அவங்க வர்றப்ப நீ உன் ரூமுக்குப் போயிரு. பாத்தா ஏதாவது பேசுவாங்க. போனப்புறம் வந்து மாத்தி விடு. இனிமே நீயே பாத்துக்க, நான் ஒண்ணும் சொல்லலை."

நர்சம்மா நிமிர்ந்து பார்த்தாள். கை வேண்டும், கைக்குச் சொந்தக்காரி வேண்டாம்.

"அக்கா இங்கதான் இருப்பாங்க" என்றாள் இளையவள்.

தெருக்கதவு திறந்தது. நாலைந்து பெண்கள் பேசிக்கொண்டே உள்ளே வந்து, மடியில் குழந்தையோடு அவளைக் கண்டதும் சட்டென்று பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தி மாமியாரைப் பார்த்தாள். மாமியார் தரையைப் பார்த்தாள்.

நர்சம்மா எழுந்திருக்கவில்லை. மடங்கியிருந்த சின்னக் கையைக் கம்பளிச் சட்டைக்குள் மெதுவாக நுழைத்துக்கொண்டே சொன்னாள்:

"வாங்க, வாங்க. கதவைச் சாத்திட்டு வந்து உக்காருங்க. பிள்ளைக்குக் குளிரும்."