வடக்கு இடுக்கு வழி

"வெஸ்லி ஹார்ன், வயது முப்பத்தாறு, பிஷப் ஊர்."

அவ்வளவுதான் எழுதியிருந்தான். மலைக்குப் போகிறவர்கள் வண்டியை அடிவாரத்தில் நிறுத்தி, முன் கண்ணாடிக்குள் ஒரு சீட்டை வைத்துவிட்டுப் போவார்கள். யார் போயிருக்கிறோம், எந்த வழி, எப்போது திரும்புவோம் என்று அதில் இருக்கும். மற்றவர்கள் அதைக் கிளம்புகிற அன்று வண்டியின் மூக்கில் வைத்துக் கிறுக்குவார்கள். வெஸ்லிக்கு அப்படிப்பட்டவர்களைக் கண்டாலே இளக்காரம். திட்டம் போட உட்காரும்போதே அவன் முதலில் அந்தச் சீட்டைத்தான் எழுதுவான். இன்றைக்கு அடுத்த பெயரை எழுதக் கை வரவில்லை. காரணம், அடுத்த பெயர் கென்டல்.

கென்டல் அவன் மனைவி ஜோலீனின் அண்ணன். லாஸ் ஏஞ்சலஸில் பல் டாக்டர்களுக்கு நாற்காலி விற்கிறவன். நாற்காலியைப் பற்றிப் பேசுகிற அதே குரலில் மலையைப் பற்றியும் பேசுவான். எல்லாம் கைப்பிடியோடு வருகிறது என்பதுபோல.

இவனை ஏன் கூட்டிப்போக வேண்டும் என்றால், அனுமதிச் சீட்டு இவன் பெயரில் இருக்கிறது. அந்தப் பக்கம் ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் மலையேறலாம் என்று கணக்கு. இடங்களைத் திறந்துவிட்ட காலையில் வெஸ்லியும் அவனுடைய இரண்டு கூட்டாளிகளும் ஆளுக்கொரு கணினி முன்னால் காத்துக் கிடந்தார்கள். மூன்று திரைகளிலும் வட்டம் சுற்றியதுதான் மிச்சம். கென்டல் யாரோ ஒரு பல் டாக்டரிடம் விலை பேசிக்கொண்டே, போனில் கட்டைவிரலால் ஒரு தட்டுத் தட்டினான். நாலு இடம் கிடைத்துவிட்டது. சீட்டு யார் பெயரில் இருக்கிறதோ அந்த ஆள் நேரில் வந்து நின்றால்தான் வனத்துறையில் தாளைக் கொடுப்பார்கள். இல்லாவிட்டால் அவனே இன்னொருவரைத் துணைத் தலைவராகச் சேர்த்திருக்க வேண்டும்.

போக வேண்டிய இடம் மூன்று ஏரிகள், மாடிப்படி மாதிரி ஒன்றுக்கு மேல் ஒன்று. தடம் கிடையாது. வரைபடத்தில் பெயரும் கிடையாது, உயரம் மட்டும் அச்சடித்திருக்கும். தெரிந்தவர்கள் 'அங்கே' என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். வெஸ்லி இரண்டு முறை முயன்று திரும்பியவன். ஒருமுறை காட்டுத்தீயின் புகை மறித்தது, இன்னொருமுறை புதுப்பனி. இந்தக் கோடைதான் கடைசி வாய்ப்பு. இலை உதிர்வதற்குள் ஜோலீனின் வேலைக்காக ஒஹையோவுக்குக் குடிபோகிறார்கள். ஒஹையோவில் மேடு என்றால் பாலத்துக்கு ஏறுகிற சாலைதான். அங்கே உட்கார்ந்துகொண்டு கிழவனாகும்வரை இந்த ஏரிகளையே நினைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

சனிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் வெஸ்லி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கூடினார்கள். மெர்ல் மின்சார வேலை பார்க்கிறவர், அறுபது வயது, வெஸ்லியோடு பல மலை ஏறியவர். இங்க்ரிட் பள்ளிக்கூட ஆசிரியை. மலையில் மாட்டிக்கொண்டவர்களைத் தேடிப்போகும் மீட்புக் குழுவிலும் இருப்பவள். ஜோலீன் பீன்ஸும் இறைச்சியும் போட்டுக் கொதிக்கவைத்த குழம்பையும் சோள ரொட்டியையும் வைத்துவிட்டுப் பக்கத்து அறைக்குப் போய்விட்டாள். மலைப் பேச்சு அவளுக்குச் சலித்துப்போய் வருஷக்கணக்காகிறது.

கென்டல் தன் பையைக் கவிழ்த்துக் கடை பரப்பினான். எடை குறையவேண்டுமென்று பல் தேய்க்கிற பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக அறுத்திருந்தான். அதைப் பெருமையாக எல்லோருக்கும் காட்டினான். அடுத்து, காற்றடைத்தால் சோபாவாகிற ஒரு சாமானை எடுத்து வைத்தான். அதுவும் பெருமையாகத்தான். சாப்பாட்டையெல்லாம் கரடிக்கு எட்டாமல் பூட்டிவைக்க ஆளுக்கொரு கெட்டி டப்பா கொண்டுபோக வேண்டும். கென்டல் தன் டப்பாவை நாற்பது இலவங்கப்பட்டை ரொட்டிச் சுருளால் நிரப்பியிருந்தான். மெர்ல் அதை எட்டிப் பார்த்துவிட்டு, கரடிக்கு ரொம்பப் பிடிக்கும் என்று மட்டும் சொன்னார்.

பிறகு வழி. கென்டல் போனில் ஒரு கோடு இழுத்து வைத்திருந்தான், நேர்கோடு. நேராகப் போனால் நாலே மைல், ஊரார் ஏன் சுற்றுகிறார்கள் என்று அவனுக்கு விளங்கவில்லையாம். கோட்டின் நடுவில் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினான்.

"இந்த இடம் பூரா கறுப்பா இருக்கு பாரு மாப்ள. நல்ல நிழல் போல. மத்தியானம் இங்க படுத்து ரெஸ்ட் எடுத்துக்கலாம்."

உயரத்தைக் காட்டும் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய் அந்த இடம் கறுத்திருந்தது. அதாவது செங்குத்துப் பாறை. எழுநூறு அடி. அதில் படுக்கலாமாம். இங்க்ரிட் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். வெஸ்லிக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் வேலை பார்க்கிற மலையேற்றச் சாமான் கடைக்குக் காலுறை வாங்க வந்துவிட்டு அவனுக்கே மலைப்பாடம் நடத்துகிற வெளியூர்க்காரர்களை அவன் தினமும் பார்க்கிறான். அவர்களுக்காவது மாலையில் கடைக்கதவைச் சாத்திவிடலாம். இவனோடு ஆறு நாள் ஒரே கூடாரத்துணிக்கு அடியில் கிடக்க வேண்டும். இவனைத் தள்ளிவிட்டு ஏறி, இழுத்துக்கொண்டு இறங்க வேண்டும். நடுவில் எங்காவது இவன் கால் மடங்கினால் ஏரியும் போச்சு, கோடையும் போச்சு.

இவனாகவே வரவில்லை என்று சொல்ல வேண்டும். பயந்துபோய்த் துணைத் தலைவராக வெஸ்லியின் பெயரைச் சேர்த்துவிட்டு லாஸ் ஏஞ்சலஸுக்கே ஓடிவிட வேண்டும். வெஸ்லிக்கு அந்த யோசனை வந்த வேகத்தில் வார்த்தையும் வந்துவிட்டது.

"வடக்கு இடுக்கு இடிஞ்சிருச்சு," என்றான்.

ஏரிகளுக்கு ஏற இருக்கிற ஒரே வாசல் அந்த இடுக்குதான். இரண்டு சுவர்களுக்கு நடுவே நின்றபடி ஏறிவிடலாம். போன வாரம் எதிர்முகட்டிலிருந்து தொலைநோக்கியில் பார்த்ததாகச் சொன்னான். குளிர்பெட்டி அளவுக் கற்கள் ஒன்றின்மேல் ஒன்று தொற்றி நிற்கின்றன, ஒன்றைத் தொட்டால் ஒன்பது உருளும் என்றான். சொல்லும்போது கென்டலின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கென்டல் ரொட்டியைக் குழம்பில் தோய்த்தான். "பரவால்ல, ஏறிக்கலாம்," என்றான்.

ஆனால் மெர்ல் கையிலிருந்த கரண்டி நின்றுவிட்டது. இங்க்ரிட் இரண்டே கேள்விதான் கேட்டாள். எந்தச் சுவர், கல் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறதா, அடங்கிவிட்டதா. கிழக்குச் சுவர், அடங்கவில்லை என்றான் வெஸ்லி. இரண்டுக்கும் யோசிக்காமல் பதில் வந்தது. அவன் அந்த இடுக்கை அங்குலம் அங்குலமாக மனப்பாடம் செய்தவன், பொய் சொல்லவும் இடம் தெரிந்திருந்தது. மெர்ல் தன் இடுப்பெலும்பைப் பற்றி ஏதோ முனகி, இந்த வருஷம் தான் வரவில்லை என்றார். இங்க்ரிட் வரைபடத்தை மடித்து அவன் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்தாள்.

வெஸ்லி எதிர்பார்த்தது இதில்லை. மலை தெரிந்த இரண்டு பேரும் பயந்துவிட்டார்கள். ஒன்றுமே தெரியாதவன் இரண்டாவது தட்டுக் குழம்பு கேட்டுக்கொண்டிருந்தான். எதைக் கண்டு பயப்பட வேண்டும் என்று தெரிந்துகொள்ளவும் கொஞ்சம் மூளை வேண்டும்.

அவன் இங்க்ரிட்டின் பின்னாலேயே வாசலுக்கு ஓடினான். அவள் வண்டிக் கதவைத் திறந்துவிட்டாள். கதவைப் பிடித்துக்கொண்டு தாழ்ந்த குரலில் உண்மையைச் சொன்னான். இடுக்கு அப்படியேதான் இருக்கிறது, கென்டலைக் கழற்றிவிடத்தான் சொன்னேன், நீயும் மெர்லும் வாருங்கள் என்றான்.

இங்க்ரிட் கொஞ்ச நேரம் அவனைப் பார்த்தாள். அவன் தினமும் கடையில் வெளியூர்க்காரர்களைப் பார்க்கிற பார்வைதான் அது. இத்தனை நாளும் அதை வீசுகிற பக்கம் இருந்தவன்.

"அப்ப நான் நிச்சயமா வரல," என்றாள். "அந்த மேட்டுல நீ முன்னால போவ. இந்தக் கல்லு நிக்கும்னு நீ சொன்னா, நான் பாக்காமலே கால் வைக்கணும். இனிமே எப்பிடி வைக்கிறது?"

"இது வேற இங்க்ரிட், அவன்..."

"அவன் நிழல்னு நெனச்சான். அவனுக்குத் தெரியல. உனக்குத் தெரியும்."

மெர்லிடமும் சொல்லிவிடட்டுமா என்று கேட்டான். அது உன் பாடு என்று வண்டியை எடுத்துவிட்டாள்.

மெர்லிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. ஆனால் மெர்லுக்கு வாய் இருந்தது. அந்த வாரமே கடைக்கு வந்த ஒருவன் வெஸ்லியிடமே வந்து, வடக்கு இடுக்கு சரிந்துவிட்டதாமே, இரண்டு பேர் நூலிழையில் தப்பினார்களாமே என்றான். வெஸ்லி அவன் வாங்கிய காலுறைக்குச் சில்லறை கொடுத்தான்.

போவதா வேண்டாமா என்று ஜோலீனிடம் கேட்டான். தனியாகத் தடமில்லாத மலைக்குப் போனால் திரும்பி வரும்போது வீடு காலியாக இருக்கும் என்று அவள் சொன்னாள், சிரிக்காமல். ஆக கென்டல், அல்லது ஒன்றுமில்லை. வேறு யாராவது துணைக்குக் கிடைப்பார்கள் என்ற நப்பாசையில், கடைசி முயற்சியாகக் கென்டலுக்குப் போன் போட்டு, வேலை அதிகமிருந்தால் வரவேண்டாம், துணைத் தலைவனாகத் தன் பெயரைச் சேர்த்தால் போதும் என்றான், ரொம்ப அக்கறையாக.

"அத அன்னிக்கே சேத்துட்டேனே மாப்ள," என்றான் கென்டல். "எனக்கு ஏதாச்சும் ஆயிட்டா நீ போகாம நின்னுறக் கூடாதுல்ல. ஜோலீன் சொன்னா, நீ ரெண்டு தரம் திரும்பி வந்தியாமே."

வெஸ்லி முதல் நாளே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும். இவனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்று கேட்காமல் விட்டிருந்தான். வரவேண்டாம் என்று இப்போதும் சொல்லலாம், வாய்வரை வந்தது. வெள்ளிக்கிழமை விடிவதற்குள் வந்துவிடு என்றுதான் சொன்னான்.

வெள்ளிக்கிழமை அடிவாரத்தில் வண்டியை நிறுத்தினார்கள். கென்டல் வழி நெடுக வாய் ஓயவில்லை. பை வேறு வீங்கிப்போய் முதுகில் குட்டியானை ஏறியதுபோல் இருந்தது. வெஸ்லி பாதி எழுதிய சீட்டை எடுத்து வண்டியின் மூக்கில் வைத்து மிச்சத்தை எழுதினான். தான் இளக்காரம் செய்கிற அதே இடத்தில், அதே கிறுக்கலில். நடுவில் பேனா நின்றது. ஏதாவது ஆனால் தேடி வருகிறவர்கள் வடக்கு இடுக்குப் பக்கமே எட்டிப் பார்க்க மாட்டார்கள். உண்மை தெரிந்த இங்க்ரிட் அன்று ஊரில் இல்லாவிட்டால் அவ்வளவுதான். இடுக்கு இடிந்துவிட்டதென்று ஊருக்கே தெரியுமே. எழுதினான்.

கென்டல் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தான்.

"இடியலியா?"

"இல்ல."

"அப்பறம் ஏன் சொன்ன?"

"நீ வரக்கூடாதுன்னு."

கென்டல் பையை இறக்கினான். சோபாவை உருவி வண்டிக்குள் எறிந்தான். ரொட்டிச் சுருள்களில் பாதியை அதன்மேல் கொட்டினான். பையை மாட்டிக்கொண்டு, இடுப்புவாரை இறுக்கி, தடம் எந்தப் பக்கம் என்று கேட்காமலே நடந்தான். தப்பான பக்கம்தான்.

"இந்தப் பக்கம் மச்சான்," என்றான் வெஸ்லி.

அவன் திரும்பி வந்தான். வெஸ்லி சீட்டைக் கண்ணாடிக்குள், எழுத்து வெளியே தெரிகிற மாதிரி செருகினான்.

"வெஸ்லி ஹார்ன், வயது முப்பத்தாறு, பிஷப் ஊர். கென்டல் ஆஷ்பி, வயது நாற்பத்திரண்டு, லாஸ் ஏஞ்சலஸ். வடக்கு இடுக்கு வழியாக மேலே போகிறோம். அது இடிந்துவிட்டது என்று ஊரில் பேச்சு. கிளப்பிவிட்டவன் நான். அது பொய். புதன்கிழமை இருட்டிய பிறகும் இந்த வண்டி இங்கேயே நின்றால், இதைப் படிக்கிறவர் மீட்புக் குழுவுக்குச் சொல்லுங்கள். வேறு பக்கம் தேடி நேரத்தை வீணாக்காமல் நேரே வடக்கு இடுக்குக்கு வரச்சொல்லுங்கள்."