தையல்காரருக்கு ரெண்டு டம்ளர்

அப்பாவுக்குப் பார்க்கின்சன் வந்து மூன்று வருடம். கை நடுங்கும், நடை குறுகும், முகத்தில் எந்த உணர்ச்சியும் தெரியாது. பொறாமை மட்டும் பளிச்சென்று தெரியும்.

பயிற்சி மையத்தில் வெள்ளிக்கிழமைதோறும் பத்து மீட்டர் நடக்கவைத்து, எத்தனை நொடி என்று பலகையில் எழுதுவார்கள். அப்பாவுக்குப் பதினான்கு. அதே நோயோடு அங்கே வரும் தையல்காரர் ஒருவருக்குப் பதின்மூன்று. போதாக்குறைக்கு, உடற்பயிற்சி முடிந்ததும் தரும் புரோட்டீன் பாலில் அப்பாவுக்கு ஒரு டம்ளர், தையல்காரருக்கு இரண்டு.

"அவரு ஆறு கிலோ இளைச்சிருக்காரு சார்," என்றார் டயட் மேடம்.

"நானும் இளைக்கிறேன்," என்றார் அப்பா, தொப்பையை உள்ளே இழுத்தபடி.

அடுத்த வெள்ளி எப்படியும் முந்திவிடுவது என்று முடிவு. அன்று காலையில் வீட்டிலேயே மாத்திரையோடு சேர்த்து இரண்டு டம்ளர் புரோட்டீன் பால் கலக்கிக் குடித்தார். எதற்கு இரண்டு என்று அம்மா கேட்டாள்.

"ஒண்ணு எனக்கு. ஒண்ணு அவருக்குக் குடுத்ததுக்கு."

மையத்தில் தையல்காரர் பன்னிரண்டு நொடியில் நடந்து முடித்தார். அப்பா புறப்பட்டார். மூன்றே எட்டு. கால் தரையோடு ஒட்டிக்கொண்டது.

"மாத்திரையோட என்ன குடிச்சாரு?" என்று டயட் மேடம் என்னைக் கேட்டார். சொன்னேன்.

"புரோட்டீன் கூடவே போனா மாத்திரை சரியா வேலை செய்யாது. இடைவெளி விடணும்னு வாய் வலிக்கச் சொன்னேனே."

தையல்காரர் எழுந்து வந்தார். சட்டைப்பையிலிருந்து அளவு டேப்பை எடுத்து, அப்பாவின் காலுக்கு முன்னால் குறுக்கே போட்டார். "அண்ணே, இந்தக் கோட்டைத் தாண்டுங்க. எனக்கும் இப்படித்தான் கால் வரும்."

அப்பா டேப்பைப் பார்த்தார். தையல்காரரைப் பார்த்தார். கால் வராதது வேறு, வர மறுப்பது வேறு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"டேய், அதை எடுத்துட்டு உன் பெல்ட்டைக் கழட்டிப் போடு."

"பேன்ட் லூசுப்பா."

"பிடிச்சுக்க."

போட்டேன். தாண்டினார். மீதி தூரத்தை நடந்தே முடித்தார். நான் மானத்தை இரு கையாலும் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

பிசியோ பலகையில் ஐம்பத்தொன்பது என்று எழுதினாள்.

"நின்ன நேரத்தைக் கழிச்சுட்டு எழுதும்மா," என்றார் அப்பா.

"ஆமாம்மா, கழிச்சே எழுது. பாவம், பால் செஞ்ச வேலைதானே," என்றார் தையல்காரர்.

அப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"வேணாம்மா. அம்பத்தொம்பதே இருக்கட்டும்."