அப்பழுக்கில்லாத நீலம்

...இரண்டாவது தட்டையும் அப்போதே பார்த்திருக்கலாம், கழுவியது என்னவோ இரண்டையும்தான், இன்னும் கொஞ்சம் வெளுக்கட்டும் என்று அதை மூடி வைத்தேன், கண் முதல் தட்டோடு நின்றுவிட்டது, மருந்து போட்ட ஜெல், முழுக்க நீலம், புரதம் இருக்கிற இடத்தில் மட்டும் பிடிக்கிற சாயம், அதாவது அக்காவுடையதைப் போன்ற புற்றுச்செல்கள் கக்குகிற நொதி, புரதத்தை நறுக்கி வழி வெட்டிக்கொண்டு கல்லீரலுக்கும் எலும்புக்கும் குடிபோகிற அந்தக் கத்தரிக்கோல், ஜெல்லில் ஊறிய புரதத்தைத் தொடவே இல்லை, தொட்டிருந்தால் அந்த இடம் வெளுத்திருக்கும்... அவ்வளவுதான், கையுறையைக்கூடக் கழற்றாமல் போனை எடுத்தேன். “கத்தரிக்கோல் நின்னுடுச்சுக்கா.” “என் தலையில அதுக்கு எப்பவோ வேலை போயிடுச்சுடா,” என்றாள். இனி ஆஸ்பத்திரிப் பக்கமே வரமாட்டேன் என்று ஒரு வாரமாக முரண்டு பிடித்தவள், “சரி, அப்ப இன்னிக்குப் போய் ஊசி போட்டுக்கறேன், உன் மருந்து வர்ற வரைக்கும் நான் இருக்கணும்ல,” என்றாள்.

என் மருந்தாம்... மூன்று வருடத்தில் நான் கண்டுபிடித்தது கேன்டீன் காபியில் காபி இல்லை என்பது மட்டும், அதற்கும் ஆதாரம் போதாது என்றார் பேராசிரியர். இப்போது மணி பதினொன்று, இரண்டாவது தட்டு, மருந்தே போடாதது, வெள்ளைப் பட்டைகள் பல்லிளிக்க வேண்டியது, அதுவும் நீலம், அப்பழுக்கில்லாத நீலம்... நேற்று சாயங்காலம் எந்தப் பாட்டிலை எடுத்து ஊற்றினேன்? பக்கத்து மேசைக்காரியின் கரைசல், உலோகத்தைக் கவ்விக்கொள்ளும் உப்பு போட்டது, துத்தநாகம் பறிபோனால் இந்த நொதி எழுந்திருக்காது, மருந்தாவது மந்திரமாவது... இரண்டு தட்டிலும் கத்தரிக்கோலை நிறுத்தியது நான்தான், பாட்டில் மாறி. மாறாமலே நின்றிருந்தாலும்தான் என்ன, ஜெல்லில் ஜெயித்த இந்த வகை மருந்துகள் மனித உடம்பில் மண்ணைக் கவ்விய கதையைப் பரீட்சைக்கே படித்தேன், நல்ல மதிப்பெண் வேறு. சொல்லிவிட வேண்டும், இப்போதே... சொன்னால் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவாளே, டிரிப் ஏறி முடியட்டும், அப்புறம் சொல்லலாமா, அப்புறம் என்றால் இன்றைக்கா, அடுத்த ஊசிக்கும் அப்புறமா?

போன் அதிர்ந்தது. ‘டிரிப் ஏறுது. நரம்பு கிடைக்காம நர்ஸம்மா ரெண்டு தடவை குத்திட்டாங்க. நீ சாப்பிட்டியா?’ சாப்பிட்டேன் என்று பொய்யாக அடித்தேன், அனுப்பவில்லை, விரல் அப்படியே நின்றது... அக்கா வக்கீல், பஸ் தாமதம் என்றாலே எந்த பஸ், யார் பார்த்தது என்று பிடித்துக்கொள்கிறவள், எதிர்த்தரப்புச் சாட்சியைப் பதினாறு கேள்வியில் அழவிட்டவள்... காலையில் என்னிடம் அவள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.