துளசிக் கதிர் கிள்ளுகிறவள்

கடுகளவு ஈரமண்ணை வாயில் கவ்விக்கொண்டு அந்தக் குளவி மறுபடியும் தகரக் கூரைக்கு அடியில் நுழைகிறது, ரீங்கென்று ஒரு சத்தம், பூசி முடித்ததும் அமைதி, தெய்வானை முன்வாசலில் அண்ணாந்து நிற்கிறாள், நேற்று விரல் நுனி அளவு இருந்த கூடு இன்றைக்குக் கட்டைவிரல் பருமனாகிவிட்டது, அடி ஆத்தி, உனக்கு வேற வீடே கெடைக்கலயா என்று வாய் திட்டுகிறது, மனசு கும்பிடுகிறது, குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் பிள்ளை பிறக்கும் என்பார்களே, கலைத்தால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்பார்களே, ஆறு வருஷமாக ஏறாத கோயிலெல்லாம் ஏறி, கோயம்புத்தூரில் இருக்கும் மகள் பூங்கோதைக்கு இப்போதுதான் மூன்று மாசம்.

உள்ளே ஜன்னலைச் சாத்திக்கொண்டு அவள் வீட்டுக்காரர் சென்னியப்பன் உட்கார்ந்திருக்கிறார், இரண்டு வருஷத்துக்கு முன்னால் தோப்பில் கதண்டுக் குளவி கொட்டி முகம் வீங்கி மூச்சடைத்துப் போனவர், பக்கத்து வீட்டு நர்ஸ் ஸ்டெல்லா மட்டும் ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடியிராவிட்டால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும், இனி எந்தப் பூச்சி கொட்டினாலும் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று டாக்டர் சொன்னதிலிருந்து வாசல் அவருக்கு அசலூர் ஆகிவிட்டது, விடிந்தால் காப்பியும் பேப்பருமாக வாசலில் சாய்ந்து போகிற வருகிறவர்களை எல்லாம் வம்புக்கிழுத்த மனுஷன், இப்போது சுவரோடு பேசுகிறார். கூட்டைத் தட்டி விட்ரட்டுங்களா என்று அவள் கேட்டுத்தான் பார்த்தாள், ஏம் புள்ள உனக்குக் கிறுக்குப் புடிச்சிருக்குதா, எம் பொண்ணு வயித்துல இருக்கறது பெருசா, நான் வெளிய உக்கார்றது பெருசா, அதுல கை வெச்சீன்னா பாத்துக்க என்று சீறினார், சீறிவிட்டு ஜன்னல் கொக்கி சரியாக விழுந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தார், தெய்வானை அடுக்களைக்குப் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், இப்படி ஒரு மனுஷனை எனக்குக் கொடுத்தாயே சாமி என்றுதான் அழுதாள்.

கூட்டையுங் கலைக்க வேண்டாம், அண்ணனையும் அடச்சு வெக்க வேண்டாங்க்கா, வாசன தூக்கலா இருந்தா அதுக அக்கட்டால போயிரும்பாங்க, சும்மா வெச்சுத்தான் பாருங்களேன் என்று ஸ்டெல்லா சொன்னாள், சொன்னதோடு விடாமல் புதினாவும் எலுமிச்சைப் புல்லும் ஓமவல்லியும் ஆறு துளசியும் தொட்டிகளில் கொண்டுவந்து இறக்கினாள், கூட்டுக்கு எதிர்மூலையில் நாற்காலி, நாற்காலியைச் சுற்றித் தொட்டிகள், எல்லாம் சரி, துளசியில்தான் தெய்வானை கோட்டை விட்டாள், ஆறு தொட்டிக்கும் குங்குமம், ஆறுக்கும் விளக்கு, தினமும் சுற்றிக் கும்பிடு, மகாலட்சுமியை யாராவது நகத்தால் கிள்ளுவார்களா, அது பாட்டுக்குக் கதிர் விட்டுப் பூத்துக் குலுங்கியது, இரண்டு மாசம் கழித்து அவர் மனசைத் தேற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்த அன்றைக்குப் பார்த்தால் கதிருக்குக் கதிர் தேனீ, காப்பி டம்ளர் உருள அவர் உள்ளே ஓடியவர்தான், ஒரு மாசம் நிலைப்படி தாண்டவில்லை, விரட்ட வைத்ததே கூப்பிட்டு விருந்து வைத்துவிட்டது.

ஏனுங்க்கா, பூக்க உட்டுட்டுத் தேனீ வருதுன்னா அது என்ன பண்ணும், கதிரக் கிள்ளோணும் என்று ஸ்டெல்லா இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரிக்கிறாள், ஐயோ நான் மாட்டேன், பாவம் என்று தெய்வானை பதறுகிறாள், சரி நான் கிள்றேன், எங்கிட்ட உங்க சாமி எதுக்குக் கோவிச்சுக்கப் போகுது என்று அவள் அப்போதே உட்கார்ந்துவிட்டாள், அன்றிலிருந்து காலையில் டியூட்டிக்குப் போகிறபோது தோளில் பையோடு குனிந்து ஆறு தொட்டியிலும் மொட்டுக் கதிராகப் பார்த்துக் கிள்ளிப் போடுவாள், தெய்வானை ஒன்றும் தெரியாதவள் மாதிரி அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொள்வாள், கூடப்பிறந்தவள் இருந்திருந்தாலும் இப்படிச் செய்திருப்பாளா, எந்த ஜென்மத்துக் கடனோ இது. தேனீ குறைந்தது, அவர் முதலில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்தார், பிறகு ஒரு பேப்பர் முடிகிற வரைக்கும், தொட்டிகளைத் தாண்டி மட்டும் காலெடுத்து வைக்கமாட்டார், கூட்டில் ஓட்டை விழுந்து குஞ்சுக் குளவிகள் ஒவ்வொன்றாகப் பறந்து போயின, ஒன்றுகூட அவர் பக்கம் வரவில்லை, செடிதான் தடுத்ததோ அதுகளுக்கே மனசு வந்ததோ, தெய்வானைக்கு யாரைக் கும்பிடுவது என்று தெரியவில்லை.

பயணம் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டதால் பூங்கோதையைப் பிரசவத்துக்கு அழைத்துவர முடியவில்லை, நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது, துணிமணி எடுத்துவைத்துக்கொண்டிருக்கிறாள் தெய்வானை, வாசலில் அவர் போன் அடிக்கிறது, மருமகன் குரல் உள்ளே வரைக்கும் கேட்கிறது, பொண்ணு பொறந்திருக்குதுங்க மாமா, ரெண்டு பேரும் நல்லாருக்காங்க. அவள் ஓடி வருவதற்குள் நாற்காலி காலி, புதினாத் தொட்டி சாய்ந்து கிடக்கிறது, படலைத் திறந்துபோட்டுவிட்டு, செருப்புக்கூட இல்லாமல், பட்டப்பகல் வெயிலில் நடுத்தெருவில் நின்றுகொண்டு, ஸ்டெல்லாம்மா, ஏ ஸ்டெல்லாம்மா, நான் அப்புச்சி ஆயிட்டேன், எம் பொண்ணுக்குப் பொண்ணு பொறந்திருக்குது என்று கத்துகிறார், தான் எங்கே நிற்கிறோம் என்பது அவருக்கே தெரியவில்லை, ஏனுங்க உள்ள வாங்க என்று கூப்பிட வாயெடுத்த தெய்வானை, கூப்பிடவில்லை.