பெயருக்கு நேரே

அண்ணனின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டுவதற்காகப் பழைய வேட்டியின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டிருந்தபோதுதான் மறுநாள் திங்கட்கிழமை என்பது பாலுவுக்கு நினைவு வந்தது. பேங்குக்குப் போக வேண்டிய நாள். அண்ணன் வந்து கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருந்த நாள்.

கிழித்த துணியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டான். உயிர் போய் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அழுகை வரவில்லை, கையெழுத்துதான் முதலில் வந்தது என்பது அவனுக்கே கூசியது.

"கட்டுப்பா, வெறச்சிடும்" என்றார் பின்தெருவிலிருந்து வந்திருந்த சின்னக்கண்ணு. சாவு வீடுகளில் முன்னால் நின்று எல்லாம் எடுத்துச் செய்கிறவர் அவர்தான். பாலு குனிந்து கட்டினான்.

அண்ணன் சுப்பராயலுவுக்கு ஐம்பத்தைந்து வயது. விடியற்காலையில் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தவர், இரண்டாவது குடத்தை இறக்கிவைத்துவிட்டு நெஞ்சைத் தடவிக்கொண்டே வாசற்படியில் உட்கார்ந்தார். பாலுதான் ஓடிப்போய் ஆட்டோ கூட்டி வந்தான். ஆஸ்பத்திரிக்குள் நுழையுமுன்பே முடிந்துவிட்டது. அதே ஆட்டோவில் அண்ணன் தலையை மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தான்.

அண்ணன் வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் தறி ஓடினால் அந்தப் பக்கம் கேட்கும். பாலு காலையில் தறியில் உட்காரும்போது அண்ணன் தறி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். பட்டு கொடுக்கும் முதலாளிகள், கடைக்காரர்கள், ரேஷன் கடை ஆள் எல்லோருக்கும் அவன் 'சுப்பராயலு தம்பி'. நாற்பத்தொன்பது வயதிலும் அப்படித்தான். அண்ணன் அவனைத் திட்டியதில்லை, ஏமாற்றியதில்லை, பாகம் பிரித்தபோது காற்று வரும் பக்கத்தை அவனுக்கு விட்டுக்கொடுத்தவர். கோபப்படுவதற்கு அவர் எந்த இடமும் வைக்கவில்லை. அதைத்தான் பாலுவால் தாங்க முடியவில்லை.

ஏழு வருஷத்துக்கு முன்னால், இரண்டாயிரத்து இரண்டில், இருவரும் ஒரே பேங்கில் ஒரே நாளில் ஆளுக்கு ஒரு லட்சம் கடன் வாங்கிப் புதிதாகத் தறி போட்டார்கள். பிறகு பட்டு நூல் விலை ஏறியது, நெய்த சேலைகள் தேங்கின. இருவருக்கும் தவணை நின்று நோட்டீஸ் வந்தது. இரண்டாயிரத்து ஆறில் பேங்க் ஒரு சலுகை அறிவித்தது. பாக்கியில் பாதியை ஒரே தடவையில் கட்டினால் மீதியை விட்டுவிடுவார்களாம். பாலு ஏலச்சீட்டை எடுத்துக் கட்டினான். முப்பத்தெட்டாயிரம் ரூபாய் தள்ளுபடி. சீட்டுப் பணத்தில் மிஞ்சியதற்கு ஒரு பைக்கும் வாங்கினான். அண்ணனையும் அதேபோல் கட்டச் சொன்னான். அவரோ, வாங்கியது வாங்கியதுதானே என்று சொல்லி, கொஞ்சம் அவகாசம் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு, மூன்று வருஷம் மாதாமாதம் போய்க் கட்டிவிட்டு வந்தார். பரிமளா அண்ணி புதுப்புடவை எடுக்காத மூன்று தீபாவளிகள் அவை. 'எங்கண்ணன் தறி ஓட்றது வீட்டுக்கு இல்ல, பேங்குக்கு' என்று பாலு டீக்கடையில் சொல்லுவான், எல்லோரும் சிரிப்பார்கள். வாழ்க்கையில் ஒரே ஒரு விஷயத்தில் அண்ணனை முந்திவிட்டோம் என்று அப்போது நினைத்திருந்தான்.

இந்த வருஷம் அவன் மகன் சரவணனுக்கு இன்ஜினீயரிங் இடம் கிடைத்தது. படிப்புக் கடன் கேட்டு அதே பேங்குக்குப் போனபோது மேனேஜர் கம்ப்யூட்டரில் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, திரையை அவன் பக்கமாகத் திருப்பினார். எந்த பேங்கில் யார் கடன் வாங்கினார்கள், எப்படிக் கட்டினார்கள் என்பதெல்லாம் இப்போது ஒரே இடத்தில் பதிவாகிறதாம், சிபில் என்று பெயராம். அதில் பாலு பெயருக்கு நேரே 'செட்டில்டு' என்று இருந்தது.

"செட்டில் ஆயிடுச்சின்னா முடிஞ்சி போச்சின்னுதானே சார் அர்த்தம்?"

"முடிஞ்சிருந்தா 'க்ளோஸ்டு'ன்னு வரும். இது, முழுசா கட்டல, பேசி கொறச்சி கட்டினாருன்னு அர்த்தம். இத பாத்தா மேல ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டாங்க." மேனேஜர் மரியாதையாகத்தான் சொன்னார். பிறகு எதையோ யோசித்து, "நீங்க சுப்பராயலு தம்பிதானே? அவருக்கு நடுவுல லேட்டானது காட்டுது, ஆனா முழுசா கட்டி முடிச்சிருக்காரு. அவர் வந்து கூட கையெழுத்து போட்டா நான் பேசி பாக்கறேன்" என்றார்.

பாலு அண்ணனிடம் போகவில்லை. கந்து வட்டிக்கு அலைந்தான். சரவணன்தான் சுவருக்கு அந்தப் பக்கம் போய்ச் சொல்லியிருக்கிறான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அண்ணன் வந்து தறிக்கு எதிரில் நின்றார்.

"திங்கக்கெழம பத்து மணிக்கு போலாம்டா. பேப்பர் எல்லாம் எடுத்து வெச்சிட்டேன்."

"உன் இஷ்டம்" என்றான் பாலு, நெய்வதை நிறுத்தாமல். ஒரு நல்ல வார்த்தை வாயில் வரவில்லை. அவர் கொஞ்ச நேரம் நின்று சேலையைப் பார்த்தார். "அந்த ஓரத்துல ஒரு இழ வுட்ருக்குது பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகு பார்த்தான். விட்டுத்தான் இருந்தது. அவர் அவனிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

பதினொரு மணிக்கெல்லாம் தெரு நிறைந்துவிட்டது. முள்ளிப்பட்டிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். அண்ணனிடம் வேலை கற்றவர்களாம். பாலுவுக்கு அவர்களில் பாதிப் பேரைத் தெரியாது. மாலைகள் வந்துகொண்டே இருந்தன. ஷாமியானா கம்பத்தருகே நின்றுகொண்டு அவன் மாலைகளை எண்ணினான். எண்ணுகிறோம் என்று தெரிந்தும் எண்ணினான். முப்பத்தொன்று. தனக்கு எத்தனை வரும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்து, பன்னிரண்டுக்கு மேல் போகாமல் விட்டுவிட்டான்.

முப்பத்திரண்டாவது மாலையோடு பேங்க் மேனேஜர் வந்தார். செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டு வந்து மாலையைப் போட்டுக் கும்பிட்டார். தன் கடனைத் தீர்த்த ஒரு நெசவாளிக்காக மேனேஜர் ஞாயிற்றுக்கிழமை வீடு தேடி வருகிறார். பாலு அவர் பின்னாலேயே தெருமுனை வரைக்கும் போனான். கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டான்.

"சார், இப்ப இன்னா பண்றது?"

மேனேஜருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். நிரந்தர வருமானம் இருக்கிற வேறு யாராவது குடும்பத்தில் இருக்கிறார்களா என்று கேட்டார்.

"நான் போடறேன், சித்தப்பா."

அண்ணன் மகள் சுகன்யா பின்னால் நின்றிருந்தாள். பெரணமல்லூர் பள்ளிக்கூடத்தில் டீச்சர், வந்தவாசியில் கட்டிக்கொடுத்த பெண். காலையில் முதல் பஸ் பிடித்து வந்தவள், அழுது கண் இமை வீங்கியிருந்தது. மேனேஜரை வழியனுப்ப வந்திருக்கிறாள், இவன் கேட்டதையும் கேட்டிருக்கிறாள். அவள் கையில் ஒரு பழுப்பு நிற உறை இருந்தது.

"அப்பா எடுத்து வெச்சிருந்தாரு. அம்மா குடுக்க சொன்னாங்க. வெள்ளிக்கெழம பணம் கட்ட கடைசி நாளுன்னு சரவணன் சொன்னான். பதினாறு முடியட்டும்னு இருக்காதீங்க."

உறையை வாங்கிக்கொண்டான். வீட்டுப் பத்திர நகல், ரேஷன் கார்டு நகல், வரி ரசீது, ஒவ்வொன்றின் மூலையிலும் அண்ணனின் கையெழுத்து. இரண்டு போட்டோவும் இருந்தன, இதற்காகவே புதிதாக எடுத்தது. சவரம் செய்துகொண்டு, காலர் பட்டன் போட்டு. அந்த முகத்தைப் பார்த்தபோது பாலுவுக்குத் துக்கத்துக்கு முன்னால் பழைய எரிச்சல்தான் வந்தது. செத்த பிறகும் கொடுப்பதற்கு இவரிடம் ஏதாவது இருக்கிறது. கொடுப்பதற்கு ஒரு மகளையும் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

மேனேஜர் ஸ்கூட்டரைக் கிளப்பும்போது, "சார், அன்னிக்கி வுட்டுக்குடுத்த பணத்த இப்ப கட்டினா வாங்கிக்குவீங்களா?" என்று கேட்டான்.

மேனேஜர் அவனை நன்றாகப் பார்த்தார். வாங்கிக்கொள்வோம், எழுதிக் கொடுங்கள், பாக்கி இல்லை என்று சான்று தருவோம், பதிவும் மாறும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும், இந்தக் கடனுக்கு உதவாது என்றார்.

"பரவால்ல. எங்கண்ணனுக்கு நேரா இன்னா எழுதியிருக்குதோ அதான் எனக்கும் இருக்கணும்."

சுகன்யா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பினாள். சித்தப்பா திருந்திவிட்டதாக நினைத்திருப்பாள். எழுத்தில்கூட அண்ணனுக்குக் கீழே இருக்க முடியாது என்பதுதான் காரணம் என்று பாலுவுக்குத் தெரியும். எப்படியானாலும் பிறகு அதைச் செய்தான். வியாழக்கிழமை அவள் கையெழுத்துப் போட்டாள், மறுநாள் கல்லூரியில் பணம் கட்டினார்கள். பைக்கை விற்றதோடு ஒரு தறியையும் விற்று முப்பத்தெட்டாயிரத்தை அவன் கட்டித் தீர்த்தபோது தை மாசம் ஆகிவிட்டிருந்தது. ஆனால் அன்று மத்தியானம் அதொன்றும் நடந்திருக்கவில்லை. பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

கொள்ளி யார் வைப்பது என்ற பேச்சு சுடுகாட்டில் வந்தது. சுப்பராயலுவுக்கு ஆண் பிள்ளை இல்லை. அண்ணனிடம் இல்லாமல் தன்னிடம் மட்டும் இருக்கிற ஒன்று என்று பாலு பதினெட்டு வருஷமாக உள்ளுக்குள் வைத்துக்கொண்டிருந்தது அது. தம்பிதான் வைக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்ல, மொட்டை அடித்துக்கொள்ள அவன் சட்டையைக் கழற்றினான். அதற்குள் சரவணன் போய் நாவிதர் முன்னால் உட்கார்ந்துவிட்டான்.

"நான் வைக்கிறேன்" என்றான்.

சின்னக்கண்ணு அவன் தோளைப் பிடித்து எழுப்பப் பார்த்தார். பெற்ற அப்பன் உயிரோடு இருக்கும்போது பிள்ளை மொட்டை போடுவது வழக்கமில்லை, அப்பனுக்கு ஆகாது என்றார். இன்னும் இரண்டு பேர் அதையே சொன்னார்கள். சரவணன் எழவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "பெரியப்பாவுக்கு நான்தான் வைக்கணும்" என்று திரும்பவும் சொன்னான். குரல் உடைந்துவிட்டது.

எல்லோரும் பாலுவைப் பார்த்தார்கள். இவன் எனக்காக இப்படி உட்காருவானா என்று அவன் நினைத்தான். நாவிதர் கத்தியை ஈரக்கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். முகம் மட்டும் திறந்திருந்த அண்ணன் விராட்டிகளுக்கு நடுவில் படுத்திருந்தார்.

"அவனே வைக்கட்டும்" என்றான் பாலு.

சின்னக்கண்ணு யோசித்துச் சொல்லு என்றார்.

"எனக்கு ஒண்ணும் ஆவாது. நீங்க ஆக வேண்டியத பாருங்க."

முடி கற்றையாக விழுந்தது. சரவணன் தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு மூன்று சுற்று வந்தான், ஒவ்வொரு சுற்றுக்கும் ஓட்டை போட்டார்கள். குடத்தைப் பின்னால் போட்டு உடைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கொள்ளியை வைத்தான். பாலு கழற்றிய சட்டையைக் கையில் சுருட்டிக்கொண்டு ஓரமாக நின்று பார்த்தான்.

கமண்டல நாகநதியில் தண்ணீர் இல்லை. மணல் ஓரமாக யாரோ ஒருவர் கழனிக்கு இறைத்துக்கொண்டிருந்த மோட்டார் குழாயடியில்தான் எல்லோரும் குளித்தார்கள். கூட்டம் கலைந்த பிறகு பாலுவும் சரவணனும் போனார்கள். பாலு ஒரு பிளாஸ்டிக் வாளியில் தண்ணீரைப் பிடித்து, பையனைக் குனியச் சொல்லி, செம்பால் மொண்டு ஊற்றினான். ஒட்டியிருந்த துண்டு முடிகள் கழுத்து வழியாக இறங்கின.

வலது காதுக்குப் பின்னால் விரல் நீளத்துக்கு ஒரு தழும்பு இருந்தது. தையல் போட்ட புள்ளிகள்கூடத் தெரிந்தன.

"இது எப்படா ஆச்சி?"

"ஆறாவது படிக்கறப்ப. சைக்கிள்லேர்ந்து வுழுந்துட்டேன். பெரியப்பா கூட்டினு போயி தையல் போட்டாரு." குனிந்தபடியே முகத்தை வழித்துவிட்டுக்கொண்டு, "நீ அடிப்பேன்னு நான்தான் சொல்ல வேணான்னேன்" என்றான்.

பாலு செம்பை மறுபடியும் வாளிக்குள் விட்டு நிரப்பினான். ஊற்றுவதற்கு முன்னால், வலிக்கும் என்று நினைத்தவன்போல, அந்தத் தழும்பின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டான். தண்ணீர் அவன் விரல்களின் மேலாக வழிந்து மணலில் இறங்கியது.