சொல்லிக்கொள்ளாமல் போனவள்

பள்ளி திறந்த நாளன்று காலை, மழலையர் வகுப்பில் ஒரு குழந்தை கிளிப் பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், அதன் தாய் பள்ளியின் வாயிற்கதவுக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் இடையில் இல்லாமல் போனாள். வாயிற்காவலர் அவளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மழைக்கோட்டு அணிந்த ஒரு பெண் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்ததாகவும், அவள் தபால் பெட்டியை அடையும் முன்பே அங்கு நடைபாதை மட்டும் மிஞ்சியிருந்ததாகவும் அவர் பின்னர் கூறினார். அவர் குடிப்பழக்கம் இல்லாதவர். அன்று தூறல் இருந்தது. குறிப்பிடத்தக்கதாக வேறெதுவும் நிகழவில்லை.

பொம்மையைக் காட்டியவள் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியிலிருந்து அனுப்பப்பட்டிருந்த மாணவி. அவள் முதலில் வகுப்பின் பின்புறம் ஒரு சிறு நாற்காலியில் அமர்ந்து, வாய் திறவாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்; பிறகு ஆசிரியைக்கு உதவ வேண்டும்; இறுதியில் மேற்பார்வையாளர் முன்னிலையில் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அதில் தவறினால் பயிற்சி ஆண்டு முழுவதையும் மறுபடி தொடங்க வேண்டும் என்பது கல்லூரியின் விதி. ஆனால் முதல் நாளன்று வகுப்பு முழுவதும் அழுதுகொண்டிருந்ததால், குழந்தைகளால் பெரிய மிஸ் என்று அழைக்கப்பட்ட வகுப்பு ஆசிரியை அந்த விதியைப் பொருட்படுத்தவில்லை. "பேசாம உக்காந்து பாக்கறதெல்லாம் நாளைக்கு வெச்சுக்கம்மா. அந்தக் கிளியை எடு. நீ இந்தப் பக்கம் காட்டு, நான் அவங்க அம்மாவை அந்தப் பக்கம் கிளப்பி விடறேன்" என்றார். அதுவே அந்த வகுப்பில் நெடுங்காலமாக இருந்துவந்த வழக்கம். குழந்தையின் கவனத்தைத் திருப்ப வேண்டும். தாய் நழுவிவிட வேண்டும். குழந்தை மீண்டும் பார்க்கும்போது கதவு சாத்தியிருக்க வேண்டும். சொல்லிக்கொண்டு போனால் அழுகை நீளும் என்பது பெரிய மிஸ்ஸின் அனுபவம். அது தவறென்று சொல்லவும் முடியாது. மாணவி கிளியைக் கையில் மாட்டிக்கொண்டு, "இங்க பாரு, இங்க பாரு, யாரு வந்திருக்காங்கன்னு பாரு" என்றாள். குழந்தை பார்த்தது. தாய் அதன் பிடியிலிருந்து மழைக்கோட்டை உருவிக்கொண்டு போனாள். கோட்டின் கறுப்புப் பொத்தான் ஒன்று மட்டும் குழந்தையின் கைப்பிடிக்குள் நின்றுவிட்டது. அன்று முதல் எல்லோரும் குழந்தையைப் பொத்தான் என்றே அழைத்தார்கள்.

பள்ளி விட்டபோது தாய் வரவில்லை. மின்தூக்கிகளைப் பழுதுபார்க்கும் தந்தை, கிரீஸ் படிந்த கைகளோடு ஓடிவந்தார். காவல்துறையினர் மருத்துவமனைகளிலும், அவள் வேலை பார்த்த மருந்துக்கடையிலும் விசாரித்தார்கள். தந்தையின் அக்காவுக்கு விசாரணையே தேவைப்படவில்லை. "எவன்கூடவோ போயிட்டா. பெத்த பிள்ளைய விட்டுட்டுப் போனவளுக்கு ஒரு பொத்தானா பெரிசு?" என்று அவர் பக்கத்து வீடுகளுக்கும் கேட்கும்படி சொன்னார். குழந்தை அழவில்லை, பேசவும் இல்லை. மறுநாளிலிருந்து வகுப்பில் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தது.

முதலில் அது பார்த்தது மீன்தொட்டியை. ஆயா டம்ளரை நீட்டி, "பொத்தான் கண்ணு, இங்க பாரு, பால் ஆறிப்போகுது" என்று கூப்பிட்டார். குழந்தை திரும்பியது. மேசையின் மேல் தொட்டி நின்ற அளவுக்கு ஈரம் மட்டும் இருந்தது; தொட்டியும் நீரும் மீன்களும் இல்லை. அடுத்து அது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தது. பெரிய மிஸ் எழுத்து அட்டையைக் காட்டித் திருப்பினார். சுவரில் ஆணியும், வெளிறிய ஒரு வட்டமும் எஞ்சின. குழந்தை தானாகத் திரும்பியபோது எதுவும் நேரவில்லை என்பதையும், பிறர் திருப்பிவிட்டால் மட்டுமே அது பார்த்துக்கொண்டிருந்த பொருள் இல்லாமல் போயிற்று என்பதையும் பள்ளி விரைவில் அறிந்துகொண்டது. ஆகவே அக்குழந்தையின் கவனத்தை எவரும் எதன்பொருட்டும் திருப்பக் கூடாது என்று பெரிய மிஸ் கட்டளையிட்டார். மழலையர் வகுப்பின் வேலையில் பாதி கவனத்தைத் திருப்புவதே என்பதால், அதைக் கடைப்பிடிப்பது நாக்கால் பல்லைத் தொடாமல் பேசுவதைப் போல இருந்தது. "இங்கே பாருங்கள்" என்னும் சொற்கள் அந்த அறையில் வழக்கொழிந்தன. ஆயா கதவருகே மண்டியிட்டு, பொத்தானின் பார்வையை மறைக்காமல் பக்கவாட்டிலிருந்து சோறூட்டினார்.

தந்தையோ தெருவில் பின்புறமாக நடக்கப் பழகிக்கொண்டார். குழந்தை தம்மைப் பார்த்துவரும்போது ஒரு பலூன்காரனோ வண்டியின் ஒலிப்பானோ அதைத் திருப்பிவிட்டால் தாமும் இல்லாமல் போகக்கூடும் என்று அவர் கணக்கிட்டிருந்தார். ஆகவே குழந்தையின் முகத்துக்கு நேரே முகம் வைத்து, அதன் இரு கைகளையும் பற்றியபடி, வீட்டிலிருந்து பள்ளிவரை முதுகால் வழி அறிந்து வந்தார். தெருக்காரர்கள் தொடக்கத்தில் சிரித்தார்கள். பின்னர் குப்பைத்தொட்டிகளை அவர் வழியிலிருந்து நகர்த்தி வைத்தார்கள். வாயிலில் அவர் குந்தி அமர்ந்து, "பொத்தான், அப்பா வேலைக்குப் போயிட்டு வரேன்" என்பார். குழந்தை தலையசைத்துத் திரும்பிக்கொள்ளும். மாணவி பின்புற நாற்காலியிலிருந்து சன்னல் வழியாக இதை நாள்தோறும் பார்த்தாள். பார்ப்பது மட்டுமே அவளுக்கு இடப்பட்ட வேலை. ஆனாலும் கையிலிருந்த கிளியின் கனம் மணிக்கட்டில் அவளுக்கு இன்னும் இருந்தது. தூக்கத்திலும் அந்தக் கையைத் தனியே விலக்கி வைத்துக்கொண்டாள்.

மழைக்காலம் முடிந்து வெயில் ஏறியபோது, பொத்தான் முதன்முறையாக ஓர் ஆளைத் தேர்ந்தெடுத்தது. அவன் முன்பல் விழுந்த ஒரு சிறுவன். குறும்பின் பொருட்டு வாலு என்று அழைக்கப்பட்டவன். பெரிய மிஸ் மூக்குக்கண்ணாடியைத் தேடுவதுபோல நடித்துக் காட்டுவதில் வல்லவன். பொத்தான் அவனைப் பார்த்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டு ஆயாவின் கையிலிருந்த துடைப்பம் நழுவியது. "அவன் பக்கம் பாக்கறப்ப யாரும் அதைக் கூப்பிடாதீங்க. இருமக்கூட இருமாதீங்க" என்றார் பெரிய மிஸ். வாலுவின் பெற்றோருக்கு எதுவும் சொல்லப்படவில்லை. ஒவ்வொரு மாலையும் அவன் முழுதாக வெளியே போகிறானா என்பதை வாயிற்காவலர் கவனித்துக்கொண்டார்.

மேற்பார்வையாளர் அந்த வாரத்தில்தான் வந்தார். முழங்கால் மோவாயைத் தொடும்படி சிறு நாற்காலியில் அமர்ந்து, மாணவியைத் தொடங்கச் சொன்னார். மாணவி யானையும் எறும்பும் வரைந்த அட்டைகளைக் காட்டிக் கதை சொன்னாள். குழந்தைகள் அரைவட்டமாக அமர்ந்து கேட்டார்கள். பொத்தான் மட்டும் அவளுக்கு முதுகைக் காட்டியபடி, வாலுவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அந்தப் பொண்ணு முதுகைக் காட்டிட்டு உக்காந்திருக்கா. திருப்புங்க" என்றார் மேற்பார்வையாளர்.

"அவளே திரும்புவா, மேடம்."

"அவளே திரும்பறதுக்கு எதுக்கு டீச்சர்?"

பெரிய மிஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வெளியூரிலிருந்து வந்த ஓர் அதிகாரியிடம் அதை எந்த வாக்கியத்தில் தொடங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. மேற்பார்வையாளர் எழுந்து, அலமாரியிலிருந்த கிளியை எடுத்துத் தூசி தட்டி, தம் கையில் மாட்டிக்கொண்டார். ஆயா கண்ணை மூடிக்கொண்டார். மாணவி அட்டைகளைக் கீழே போட்டுவிட்டு, வாலுவின் அருகில் முழந்தாளிட்டு விழுந்தாள். "டேய், பொத்தான்கிட்ட சொல்லிக்கோ. சீக்கிரம்."

"என்னன்னு?"

"உங்க அப்பா கிளம்பறப்ப என்ன சொல்வாரு?"

வாலு தொண்டையைச் செருமிக்கொண்டான். "பொத்தான், போயிட்டு வரேன். லேட்டாகும், காத்திட்டிருக்காதே, சாப்பிட்டுடு" என்றான். பொத்தான் தலையசைத்தது. அதே நேரத்தில் மேற்பார்வையாளர், "இங்கே பாரு" என்றார். குழந்தை திரும்பிக் கிளியைப் பார்த்தது. வாலு இருந்த இடத்திலேயே இருந்தான். முழங்காலில் ஆறிக்கொண்டிருந்த ஒரு புண்ணைச் சொறிந்துகொண்டிருந்தான். பெரிய மிஸ் நாற்காலியைத் தேடாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மேற்பார்வையாளர் கதையைத் தொடரும்படி சொன்னார். மாணவி தொடரவில்லை. யானை எறும்பின் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருக்க, அவள் கிளியை அவர் கையிலிருந்து கழற்றிப் பெற்றுக்கொண்டு, பொத்தானை வாயிற்கதவுக்கு அழைத்துச் சென்றாள். அங்கே அதன் உயரத்துக்குக் குனிந்து, கிளியைத் தரையில் வைத்தாள்.

"அன்னைக்கு உன்னைத் திருப்பினது நான்தான். அம்மா சொல்லிட்டுத்தான் போயிருப்பாங்க. நாங்கதான் சொல்ல விடல. அம்மா வேலைக்குப் போனாங்க. போயிட்டு வரேன்னு உன்கிட்ட சொல்லணும். அதை இப்ப அவங்களுக்காக நான் சொல்றேன். அம்மா போயிட்டு வரேன்."

குழந்தை அவளை நெடுநேரம் பார்த்தது. அந்த நேரத்தில் எவரேனும் கூப்பிட்டிருந்தால் மாணவி இன்று இருந்திருக்க மாட்டாள்; ஆனால் எவரும் கூப்பிடவில்லை.

"எப்ப?" என்று பொத்தான் கேட்டது. பள்ளியில் அது பேசிய முதற்சொல் அதுதான்.

"ஸ்கூல் விட்டதும்."

குழந்தை தலையசைத்து, தபால் பெட்டிக்குத் தானே முதுகைத் திருப்பிக்கொண்டு வகுப்புக்கு நடந்தது. பின்னர்தான் அழத் தொடங்கியது. பள்ளி விடும்வரை அழுதது. எவரும் அதற்கு எதையும் காட்டவில்லை.

மணி அடித்தபோது தந்தை வழக்கப்படி தெருவுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்ததால், மனைவி வருவதைக் கடைசியாக அறிந்தவர் அவரே. வாயிற்காவலர் முதலில் கண்டார்: கொளுத்தும் வெயிலில், நனைந்த மழைக்கோட்டு அணிந்த ஒரு பெண் தபால் பெட்டியைக் கடந்து வந்துகொண்டிருந்தாள். தந்தை குழந்தையின் முகத்தில் அதைக் கண்டார். திரும்ப அஞ்சி அப்படியே நின்றார்.

"ஏங்க, ரோட்டுக்கு முதுகைக் காட்டிட்டு என்ன பண்றீங்க? வேலைக்குப் போகலையா?" என்றாள் அவள். பிறகு குழந்தையைத் தூக்கினாள். எடை எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக இருந்ததால் ஒரு கணம் தடுமாறினாள். "இவளுக்கு முடி எப்படிங்க அதுக்குள்ள இவ்வளவு வளந்துச்சு?"

அந்த மழைக்காலம் அவள் வாழ்நாளில் இல்லாமலே போயிற்று. அதை அவள் பெரிதாக எண்ணவில்லை. கணவனின் அக்கா, "எங்க இருந்தான்னு அவளுக்கே தெரியாதாம், கேட்டுக்கோங்க" என்று பல்லாண்டுகள் சொல்லிவந்தார். அதையும் அவள் பொருட்படுத்தவில்லை. அந்தக் கறுப்புப் பொத்தானைக் குழந்தை திருப்பித் தரவில்லை என்பதால், கோட்டு கிழியும்வரை அவள் அவ்விடத்தில் ஓர் ஊக்கைக் குத்திக்கொண்டாள். மீன்தொட்டிக்காகவும் கடிகாரத்துக்காகவும் மாணவியே குழந்தையிடம் சொல்லிக்கொண்டாள். மீன்கள் மறுநாள் பசியோடு வந்தன. கடிகாரம் வந்தபோது பழைய நேரத்தையே காட்டியது. சாவி கொடுத்துச் சரிசெய்தார்கள்.

பெற்றோர் வகுப்பு வாசலில் குந்தி அமர்ந்து சொல்லிக்கொண்டு போகும் வழக்கம் அதன்பின் வந்தது. பெரிய மிஸ் எச்சரித்திருந்தபடியே அழுகை நீண்டது. எதிர்வீட்டார் காலையில் சன்னல்களைச் சாத்திக்கொண்டார்கள். மாணவி தன் பயிற்சியின் கடைசி நாளன்று ஒவ்வொரு குழந்தையின் முன்னும் அமர்ந்து, "சின்ன மிஸ் போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பாடத்தைப் பாதியில் நிறுத்தியதற்காகவும், குழந்தையின் கவனத்தைத் திருப்பத் தவறியதற்காகவும் கல்லூரி அவளைத் தேர்ச்சி பெறாதவளாக அறிவித்தது. அவள் பயிற்சி ஆண்டை மறுபடி தொடங்க நேர்ந்தது. அவளுக்கு ஒதுக்கப்பட்டதும் அதே பள்ளிதான். பள்ளி திறந்த நாளன்று அவள் வாசலில் வந்து நின்றபோது, காலணி அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்த ஆயா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"சொல்லிட்டுத்தானே போனே. வந்து அந்தக் கதவைப் பிடி" என்றார்.